கிருஷ்ணமணிக்குத் தெளியும்

"யாருடி அந்தக் கிருஷ்ணமணி?"

ஜீப்பை விட்டு இறங்கி, வண்டன்மேட்டுத் தோட்டத்து லயத்து வீட்டுக்குள் கால் வைத்ததும் வைக்காததுமாகக் கத்தினான் கருத்தப்பாண்டி. ஆஸ்பத்திரியிலிருந்து வழியெல்லாம் அடக்கி அடக்கி வந்தவனுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. போடிநாயக்கனூரிலிருந்து ஏலக்காட்டு வேலைக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. மனைவி ராமுத்தாய் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். அவளுக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு.

"எந்தக் கிருஷ்ணமணி?" என்றாள் அவள்.

"நடிக்காத! திரைக்கு வெளிய நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். 'கிருஷ்ணமணியை நினைச்சுக் கரையண்டா, அழாதே, தண்ணி இருக்கிற வரைக்கும் மங்கலாத்தான் கிடக்கும், தண்ணி போனாத் தெளிஞ்சிரும்'னு டாக்டரம்மா சொல்றாங்க. நீ பொங்கிப் பொங்கி அழுவுற!"

அடுப்படியிலிருந்து அவன் அம்மா சாந்தம்மாள் ஓடி வந்தாள். "அடி ஆத்தி! குடிகாரனுக்காகவா அழுத? குடிகாரன் பேச்சு விடிஞ்சாப் போச்சு. அவன் எங்கிட்டுத் தெளியப் போறான்?"

ராமுத்தாய்க்கு விஷயம் புரிந்துவிட்டது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளைத்தாய்ச்சி, கதவைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"தெளிஞ்சிருவாக அத்தை. தை மாசம் நம்ம வீட்டுக்கே வந்துருவாக."

"'வந்துருவாக'வா? எத்தனை பேருடி அவன்?"

"ரெண்டு பேரு. எப்பவும் சோடியாத்தான் இருப்பாக."

"ரெண்டு குடிகாரனா!" சாந்தம்மாள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டுப் புஷ்பமேரி டிரான்சிஸ்டரை அணைத்துவிட்டு வாசலுக்கே வந்து நின்றாள். இதைவிட நல்ல நிகழ்ச்சி ரேடியோவில் வராது.

கருத்தப்பாண்டியின் கை இடது கண்ணுக்குப் போனது. சின்ன வயதில் அம்மை போட்டு, இடது கண்ணில் பூ விழுந்தவன் அவன். பெண் பார்த்த நாளிலிருந்தே உள்ளுக்குள் ஒரு பயம்.

"பூக்கண்ணனைக் கட்டிக்கிட்டோமேன்னு வெறுத்துப்போச்சா புள்ள? நேராச் சொல்லிரு. நான் போடிக்கே போயிர்றேன்."

சிரிப்பு சட்டென்று நின்றது. ராமுத்தாய் அவன் கையை இழுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள்.

"கிறுக்கு மச்சான்! கிருஷ்ணமணின்னா மலையாளத்துல கண்ணுமணி. 'என் கண்ணு மாதிரியே பிள்ளைக்கும் ஆயிருமோ'ன்னு தூக்கத்துலகூடப் புலம்புறீகளே, அதைத்தான் கேட்டேன். அம்மையில விழுந்த பூ பிள்ளைக்கு வராதாம். வயித்துக்குள்ள எல்லாப் பிள்ளைக்கும் முதல்ல கண்ணு தண்ணி கோத்து மங்கலாத்தான் கிடக்குமாம். மாசம் ஏற ஏறத் தண்ணி வத்தி, கண்ணாடி கணக்காத் தெளிஞ்சுதான் பிறக்குமாம். சந்தோசத்துல அழுதேன்!"

கருத்தப்பாண்டி அவள் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. பூ விழுந்த கண்ணிலும் நீர் முட்டியது. சாந்தம்மாள்தான் எழுந்து வந்து மருமகளின் வயிற்றைத் தடவினாள்.

"என் ராசாத்தி! அந்த ரெண்டு குடிகாரப் பயலுகளையும் பத்திரமாக் கூட்டிட்டு வந்துரு!"