இரண்டாவது மைக்

பேய் என்று ஒன்று கிடையவே கிடையாது, இருந்திருந்தால் இத்தனை வருடத்தில் ஒன்றாவது தன் பாட்டைக் கேட்டுச் சிரித்திருக்கும் என்று கொக்கு மேடைக்குப் பின்னால் நின்று அறிவித்தார்.

கேட்டுக்கொண்டிருந்தது மைக்செட்காரர் ஒருவர்தான். அவரும் பல்லால் டேப்பைக் கடித்துக்கொண்டிருந்ததால் மறுத்துப் பேச முடியவில்லை.

கொக்கு அந்த ஊரின் ஒரே கேலிப்பாட்டுக்காரர். ஆள் உயரம், கழுத்து அதைவிட உயரம். ஊரில் யார் வழுக்கி விழுந்தாலும், எழுந்திருப்பதற்குள் பல்லவி தயாராகிவிடும்.

அன்று பஸ் டிப்போவில் ஆண்டு விழா. தகரக் கூரைக்குக் கீழே டிரைவர்களும் கண்டக்டர்களும் குடும்பத்தோடு உட்கார்ந்து சலூன் பாட்டுக்காகக் காத்திருந்தார்கள்.

அந்தப் பாட்டு பிறந்த கதை ஊருக்கே தெரியும்.

மார்க்கெட்டுக்குப் பின்னால் அண்ணனும் தம்பியும் நடத்திய சலூன். நாற்காலி இரண்டு. அண்ணன் இறந்த பிறகு, அவர் வேலை பார்த்த நாற்காலியில் தம்பி யாரையும் உட்காரவிடவில்லை. தெருவரைக்கும் வரிசை நின்றாலும் சரி. காலையில் அதைத் துடைப்பார். துண்டை உதறிச் சாய்மானத்தில் போடுவார். யாராவது உட்காரப் போனால், கத்தரியை நிறுத்தாமலே சொல்வார்:

"அங்க ஆள் இருக்கு."

கொக்குவுக்கு வேறென்ன வேண்டும்?

*சலூனுக்குள்ள ரெண்டு நாற்காலி,*
*சாயங்காலம் வரைக்கும் ஒண்ணு காலி!*
*வரிசையில நின்ன மாப்பிள்ளைக்கு*
*வளந்து போச்சு தாடி வேலி!*

பாட்டு ஊரைப் பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் காலி சீட்டைக் கண்டால்கூட "அங்க ஆள் இருக்கு" என்று சொல்லிச் சிரித்தார்கள்.

சலூன்காரர் சண்டைக்கு வரவில்லை. ஒருநாள், கொக்குவின் தொண்டைக்குழியில் கத்தியை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"பாட்டு நல்லா இருக்கு சார். இன்னும் கொஞ்சம் சத்தமா பாடுங்க. அண்ணனுக்குக் காது மந்தம்."

கன்னத்துச் சோப்பைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்த கொக்கு, அதையும் சரணத்தில் சேர்த்துவிட்டார்.

ஆனால் சிரிப்பு வந்தது பாட்டுக்காக மட்டும் இல்லை. ஒவ்வொரு வரி முடிந்ததும் பக்கத்து மைக்கிலிருந்து "அப்படியா மாமா?" என்று ஒரு குரல் கேட்கும். அப்போதுதான் பெஞ்சு ஆடும்.

அது அரைப்படியின் குரல். கொக்குவின் மனைவிக்குத் தம்பி. கொக்குவின் சட்டைப் பையை எட்டிப் பார்க்கிற உயரம். ஆயிரம் தடவை கேட்ட வரியையும் அன்றுதான் கேட்பதுபோல் கண்ணை விரித்துக் கேட்பார். அந்த இரண்டு சொல்லைத் தவிர மேடையில் அவர் வேறெதுவும் பேசியதில்லை.

போன மாதம் அரைப்படி போய்ச் சேர்ந்தார். ஒரு நெஞ்சுவலி, ஒரு டாக்ஸி, ஆஸ்பத்திரி வராந்தா. அவ்வளவுதான்.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் கொக்கு அசராமல் ஒரே பதிலைச் சொன்னார். போனவன் போனவன்தான், பாட்டை எழுதியது நான், நானே பாடிக்கொள்வேன்.

சொன்னபடியே ஒற்றை ஆளாக மேடை ஏறினார்.

மேடையில் இரண்டு மைக் இருந்தன. ஒன்று தலைக்கு நேரே, இன்னொன்று மார்பளவுக்கு. மைக்செட்காரரின் பழக்கதோஷம்.

முதல் வரியைப் பாடினார். வரி முடிந்தது.

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அந்தக் குட்டை மைக்கைப் பார்த்தார்கள். கூரைத் தகரத்தில் ஒரு புறா நடப்பது கேட்டது.

இரண்டாவது வரி. முன்வரிசையில் ஒரு குழந்தை கொட்டாவி விட்டது.

இன்னொரு வரி இப்படிப் போனால் பாட்டு காலி. நாளைக்கு ஊரில் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். கொக்குவின் நீளக் கழுத்து முழுக்க வேர்த்தது.

நல்லவேளையாக ஒரு கண்டக்டர் எழுந்தார். பரம ரசிகர்.

"நான் எடுத்துக் குடுக்கறேண்ணே! எல்லாம் மனப்பாடம்!"

கூட்டம் கைதட்டியது. கண்டக்டர் படியேறி வந்து, குட்டை மைக்கின் திருகைத் தளர்த்தி, அதைத் தன் வாய் உயரத்துக்கு இழுத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

கொக்கு அவர் கையைப் பிடித்தார்.

மைக்கைப் பழையபடி மார்பளவுக்கு இறக்கினார். திருகை இறுக்கினார். ஆடுகிறதா என்று ஒருமுறை அசைத்துப் பார்த்தார்.

"அங்க ஆள் இருக்கு."

கண்டக்டர் காதில் மட்டும்தான் சொன்னார். குட்டை மைக்குக்கும் கேட்டுவிட்டது.

தகரம் அதிரச் சிரித்தார்கள். அந்த வரிக்கு அப்படி ஒரு சிரிப்பு அதுவரை வந்ததே இல்லை. கண்டக்டரும் தொடையைத் தட்டிச் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

டிப்போ ஆட்களுக்கெல்லாம் காலையில் சவரம் செய்து அனுப்பிவிட்டு, தானும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த சலூன்காரர் மட்டும் சிரிக்கவில்லை. கத்தி வைப்பதற்கு முன் கன்னத்தைத் திருப்பச் சொல்வதுபோல, தலையை லேசாக ஒருபக்கம் அசைத்தார்.

கொக்கு குட்டை மைக் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சிரிப்பு அடங்கும்வரை நின்றார். விட்ட இடத்திலிருந்து அடுத்த வரியைப் பாடினார். பாடிவிட்டுக் காத்திருந்தார்.

பிறகு அதே வரியை, இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பாடினார்.