வேலைநிறுத்தத்தின் பத்தொன்பதாம் நாள்

காவலுக்கு நின்ற டிரைவர் பக்கிரி கூழ் குடிக்கக் கிளம்பித் தெருமுனை திரும்பும்வரை கண்ணையன் சந்திலேயே நின்றான். பிறகு பூவரச மரத்தடிக்கு வந்தான். எதிரே பஸ் முதலாளியின் வீடு.

வேலைநிறுத்தம் தொடங்கியதிலிருந்து அந்த வாசலை டிரைவர்கள் முறை வைத்துக் காவல் காத்தார்கள். எவனாவது முதலாளியின் காலில் விழப் போனால் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்பது சங்கத்தின் உத்தரவு.

பிரெஞ்சு சர்க்கார் சங்கம் வைக்க அனுமதி கொடுத்த மறுவருஷம் அது. வில்லியனூரிலிருந்து பாகூருக்கும் புதுச்சேரிக்கும் ஓடிய பஸ்கள் பத்தொன்பது நாளாகக் கொட்டகையில் நின்றன. பிரேக் பிடிக்காத வண்டியை ஆற்றுப் பாலத்தில் ஓட்ட மாட்டேன் என்று சொன்ன தணிகைவேலை முதலாளி அன்றைக்கே வேலையைவிட்டு நீக்கினார். அவனை மறுபடி சேர்த்தால்தான் வண்டி எடுப்போம் என்று மற்ற ஆறு டிரைவர்களும் இறங்கிவிட்டார்கள். முதலில் கை தூக்கியவன் கண்ணையன்தான்.

இப்போது அவன் வீட்டில் அடுப்பு எரிந்து இரண்டு நாள். மகள் காய்ச்சலில் கிடந்தாள். காலையில் மனைவி அமுதம் ஒரு வார்த்தை திட்டவில்லை. வெறும் பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள்.

நேற்று சங்கத் தலைவர் புதுச்சேரியிலிருந்து வந்திருந்தார். அரிசிக்கு ஏதாவது வழி செய்வார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவரோ அடுத்த வார ஊர்வலத்தைப் பற்றியும் புதுக் கொடியைப் பற்றியும் பேசினார்.

"கொடி இருக்கட்டுங்க. பிரேக்கப் பத்தி மொதலாளிகிட்ட பேசினீங்களா? புள்ளைங்க பட்டினி கிடக்குது" என்றான் கண்ணையன்.

"மொதல்ல ஒத்துமையக் காட்டுங்கப்பா. மத்ததெல்லாம் தானா வரும்" என்று சொல்லிவிட்டுத் தலைவர் காரில் ஏறினார். தணிகைவேல் ஒரு மூலையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

ஒற்றுமை! அதைப் போட்டு ஒரு பிடி சோறு பொங்க முடியுமா? மரத்தடியில் நின்ற கண்ணையன் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான்.

அப்போது முதலாளி வீட்டுக் கதவு திறந்தது. வெளியே வந்தவனைப் பார்த்ததும் கண்ணையனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

தணிகைவேல்! யாருக்காக ஆறு குடும்பம் பட்டினி கிடக்கிறதோ, அவனே.

கண்ணையன் பாய்ந்துபோய் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். "துரோகி! உனக்காகத்தானடா நாங்க வயித்துல ஈரத்துணியக் கட்டினு கிடக்குறோம்? நீ பூனையாட்டம் கொல்லப்பக்கமா உள்ள போயி வேலை வாங்கினு வர்றியா?"

"கைய எடு கண்ணையா."

"எம் பொண்ணு அங்க காய்ச்சல்ல கிடக்குறாடா!" கண்ணையன் கையை ஓங்கினான்.

தணிகைவேல் தடுக்கவில்லை. "தெரியும். அதான் வந்தேன். எனக்கு வேலை வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"இன்னாடா சொல்ற?"

"உங்க ஆறு பேரையும் சேத்துக்கணும், பிரேக்கு பாக்காம ஒரு வண்டியும் வெளிய வரக்கூடாதுன்னு மொதலாளிகிட்டயும் எழுதி வாங்கிட்டேன். தலைவரு கொடி, ஊர்வலமெல்லாம் முடிச்சிட்டு இதுக்கு வர்றதுக்குள்ள புள்ளைங்க செத்துப்போவும். நாளைக்கி நீங்க வண்டி எடுங்க. எங்க மச்சான் நல்லவாடு மீன்குப்பத்துல வலை இழுக்கக் கூப்புடறாரு. நான் அங்க போயி பொழைச்சிக்கறேன்."

கண்ணையனின் பிடி தளர்ந்தது.

கசங்கிய சட்டையை நீவிவிட்டுக்கொண்டே, எந்தக் குத்தலும் இல்லாமல் தணிகைவேல் கேட்டான்:

"ஆமா, உன் மொறை நேத்தே முடிஞ்சிதே... நீ இன்னாத்துக்கு மொதலாளி வூட்டுக்கு வந்த?"