மீட்டரில் நூற்று எண்பத்தேழு

"என்னோட மோட்டார் மட்டும் ஏண்ணே நூத்தி அறுபத்தஞ்ச தாண்டல?"

முறிந்த எலும்பைச் சேர்க்கக் காலில் நான்கு இடத்தில் இரும்புக் கம்பி குத்தியிருக்க, பார்க்க வந்த தேவனிடம் ஜெரமி கேட்ட முதல் கேள்வி அதுதான். வலிக்கிறது என்று சொல்லவில்லை. வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

தேவனுக்கு நாற்காலி இருந்தும் உட்காரத் தோன்றவில்லை.

ஈப்போ ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம். கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஜெரமியின் அம்மா டோரிஸ் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தார். தேவன் வந்ததும் வாசலிலேயே அவனை நிறுத்தி, "நீங்க சொன்னாத்தான் கேப்பான், தம்பி. இனிமே வேகம் வேணாம்னு எப்படியாவது சொல்லுங்க" என்று கண்ணைத் துடைத்திருந்தார்.

தேவனுக்கும் ஜெரமிக்கும் ஜெலாப்பாங்கில் ஒரே தொழிற்சாலையில் வேலை. மோட்டார் சைக்கிளும் ஒரே மாடல். தேவனுடையது சிவப்பு, ஜெரமியுடையது கறுப்பு. ஜெரமி வாங்கியதே தேவனைப் பார்த்துத்தான்.

அந்த மோட்டாரின் ஜாதகமே தேவனுக்கு மனப்பாடம். இருநூற்றைம்பது சிசி, இரட்டை சிலிண்டர், ஆறு கியர். ஒன்பதாயிரம் சுற்றுக்கு மேலேதான் இஞ்சினுக்கு உயிர் வரும். அவசரத்தில் கியரை இறக்கினாலும் பின் சக்கரம் உதறாமல் கிளட்ச் பார்த்துக்கொள்ளும். முதன்முதலாக ஸ்போர்ட்ஸ் மோட்டார் வாங்குகிறவனுக்கு இதைவிட நல்லது கிடையாது. இதையெல்லாம் கேண்டீனில் சொல்ல ஆரம்பித்தான் என்றால் எதிரே இருப்பவனின் சோறு ஆறிப்போகும்.

வாய்தான் ஓடுகிறது, மோட்டார் ஓடவில்லையே என்று கூட்டாளிகள் கிண்டலடித்தார்கள். கழுவித் துடைக்கத்தான் அண்ணன் வாங்கினார் என்றார்கள்.

அப்போதுதான் தேவன் வாட்ஸாப் குழுவில் அந்த வீடியோவைப் போட்டான்.

பத்து விநாடி இருக்கும். மீட்டர் மட்டும்தான் தெரியும். இஞ்சின் அலற, எண் ஏறிக்கொண்டே போய் நூற்று எண்பத்தேழில் நிற்கும். எந்த ரோடு என்று கேட்டவர்களுக்கு, மெனோரா பக்கம், மலை இறங்கும் ஹைவே என்று பதில் எழுதினான்.

அதோடு கிண்டல் நின்றது. கேண்டீனில் அவனுக்கு நகர்ந்து இடம் விட்டார்கள். பக்கத்து ஊர் சுங்கை சிப்புட்டிலிருந்து முன்பின் தெரியாதவன்கூட அழைத்து, அண்ணே, எப்படிண்ணே என்று கேட்டான். தேவனுக்கும் அது வேண்டியிருந்தது.

"டேங்க் மேல படுத்துக்கிட்டேன், சைட் கண்ணாடிய மடக்கிட்டேன்" என்றான் ஜெரமி. "ஒன்னும் முடியல லா. எறக்கத்துல விட்டா ஏறும்னுதான் மெனோரா போனேன்."

இறக்கத்தில் ஏறத்தான் செய்தது. வளைவும் வந்தது. பிரேக் தன்னால் ஆனதைச் செய்ததால் உயிர் மிஞ்சியது. மிச்சத்தை ரோட்டோர இரும்புத் தடுப்பு பார்த்துக்கொண்டது.

"கால் சரியாகட்டும். அந்த நூத்தி எண்பத்தேழ பாக்காம விடமாட்டேன்."

டோரிஸின் கையில் கரண்டி நின்றுவிட்டது. அவர் தேவனைப் பார்த்தார்.

இதற்குமேல் வாயை மூடிக்கொண்டிருந்தால் தான் மனிதனே இல்லை என்று தேவனுக்குத் தோன்றியது. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"ஜெரமி, அது ரோட்டுல எடுத்தது இல்லடா. வீட்டுப் பின்னால செயின் கழுவுறதுக்கு பின் சக்கரத்த ஸ்டாண்டுல தூக்கி வச்சிருந்தேன். அப்படியே முறுக்குனேன். சக்கரம் சும்மா காத்துல சுத்துச்சு. மோட்டார் இருந்த எடத்த விட்டு நவுரவே இல்ல. ரோட்டுல நூத்திப் பத்துக்கே எனக்குக் கை நடுங்கும்."

சொல்லி முடித்ததும் காது இரண்டும் சுட்டன. தலை நிமிரவில்லை. அவன் திட்டட்டும், கையில் கிடைத்ததை எடுத்து எறியட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றான்.

ஜெரமி சிரித்தான். அடிபட்டதிலிருந்து அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை என்பது டோரிஸின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"அம்மா சொல்லிக் குடுத்தாங்களாண்ணே? பொய்ய கொஞ்சம் பொருந்தச் சொல்லுங்க."

டோரிஸ் எழுந்து வந்தார். தேவனின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"என் பிள்ளைக்காக ஒங்க பேர நீங்களே கெடுத்துக்கிறீங்களே, தம்பி. ஆண்டவர் ஒங்கள நல்லா வச்சிருக்கணும்."

தேவனுக்கு நாண்டுகொண்டு சாகலாம் போல இருந்தது. குழுவில் போட்டது வெட்டிய வீடியோ. வெட்டாதது சட்டைப் பையில் போனில் இருந்தது. அதன் கடைசியில் மீட்டரிலிருந்து கேமரா கீழே இறங்கும். தரையைத் தொடாமல் சுற்றும் சக்கரமும், செயின் கழுவிய பிரஷும், ஜப்பான் சிலிப்பர் போட்ட தேவனின் காலும் பளிச்சென்று தெரியும்.

எடுத்துக் காட்டினால் போதும். ஜெரமி இனி அந்த இறக்கத்தின் பக்கமே போகமாட்டான்.

டோரிஸின் பிடியிலிருந்து கையை விடுவித்துப் பைக்குள் விட்டான். போன் விரலில் பட்டது.

அந்த அம்மா இன்னும் அவனை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார், கோயிலில் பார்ப்பதுபோல. ஜெரமியும் அப்படித்தான். அவர்கள் நம்பாததில் தேவனுக்கு உள்ளுக்குள் அப்பாடா என்று இருந்தது. இந்த நேரத்தில் இப்படித் தோன்றுகிறதே என்று உடம்பெல்லாம் கூசியது. கூசினாலும் அந்த அப்பாடா போகவில்லை.

"சரியானதும் ரெண்டு பேரும் போலாம்ணே" என்றான் ஜெரமி. "நீங்க முன்னால போங்க. நான் பின்னாலயே வாரேன்."

தேவன் வெறுங்கையைப் பையிலிருந்து எடுத்தான்.

"பாக்கலாம்டா" என்றான்.