வால்வில் கோளாறு

நாகஜோதி என்ன சொல்கிறாள் என்று பாண்டித்துரைக்கு இன்னும் விளங்கவில்லை.

காலையில் நிட்டிங் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடிந்து மண்ணரையில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டுக்கு வந்தபோது அவள் இல்லை. அவள் துணிப்பையும் இல்லை. போனில் மூன்று நிமிடக் குரல் பதிவு மட்டும் இருந்தது. திருப்பிக் கூப்பிட்டால் சுவிட்ச் ஆப்.

பதிவில் 'அஞ்சு மணி' என்பது மட்டும் பிடிபட்டது. மற்றதெல்லாம் வாயில் துணியை வைத்துப் பேசியது போல இருந்தது. எங்கே போனாள், அஞ்சு மணிக்கு என்ன? இப்போதே மணி நாலு.

பக்கத்து வீட்டில் போனைக் கொடுத்துக் கேட்கச் சொல்லலாம். பொண்டாட்டி கோபித்துக்கொண்டு போன சங்கதியை எந்த வாயால் சொல்வது? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கதவைத் தாழிட்டான். ஜன்னலையும் சாத்தினான்.

போன் ஸ்பீக்கர்தான் சரியில்லை என்று மத்தியானமே பரணிலிருந்து வால்வு ஆம்ப்ளிஃபயரையும் குழாய் ஸ்பீக்கரையும் இறக்கி, போனை அதில் மாட்டியிருந்தான். ராஜபாளையத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்த மாமன் கொடுத்தது. மைக்கில் ஒருவன் பெருமூச்சு விட்டால் தெருமுனைவரை கேட்கும், அப்பேர்ப்பட்ட செட்.

அதுவும் சதி செய்தது. வால்வுகள் நன்றாகத்தான் எரிந்தன. பேச்சு மட்டும் மொத்தையாக வந்தது.

வால்வைக் கழற்றி அதன் கம்பிக் கால்களைச் சுரண்டினான். கண்டன்சரை மாற்றினான். ஒவ்வொரு முறையும் பதிவை முதலிலிருந்து போட்டு, சவுண்டைக் கடைசிவரை திருகினான். மேசையில் கழற்றி வைத்த திருகாணிகள் துள்ளின. டிரான்ஸ்பார்மர்தான் ஆடுகிறது என்று அதையும் இறுக்கி முறுக்கினான்.

முந்நூறு வோல்ட் ஓடும் பெட்டி. ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டுதான் தொட வேண்டும். அவசரத்தில் இரண்டு கையையும் விட்டான். தோள்வரை உதறித் தள்ளியது.

சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து அழுதான்.

நாகஜோதியும் இரண்டு வருடமாக முணுமுணுக்கிறவள்தான். அடுப்படியிலிருந்து எதையோ சொல்வாள். இவன் 'ம்' போடுவான். அதற்கே அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

நாலு இருபது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பதிவை அழுத்தினான்.

அப்போதுதான் கதவின் தாழ்ப்பாள் குதிப்பதைப் பார்த்தான்.

திறந்தால் லைன் மொத்தமும் வாசலில் நின்றது. வீட்டு ஓனரம்மா சாரதாமணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லோர் வாயும் அசைந்தது.

எதிர் மெஷின் ஓட்டும் அழகுமலை அவன் தோளைப் பிடித்திழுத்து, காதோடு வாயை வைத்துக் கத்தினான்.

"செட்டு நல்லாத்தான் இருக்குண்ணே! மத்தியானத்துலருந்து மதினி பேசுறத லைனே கேட்டுக்கிட்டு இருக்கு!"

பாண்டித்துரை மலங்க மலங்க விழித்தான்.

நிட்டிங் ஹால் இரைச்சலில் யார் பேச்சும் யாருக்கும் கேட்காது. அங்கே கைதான் பேசும். அழகுமலை அப்படியே பேசினான். ஸ்டியரிங்கைச் சுற்றிக் காட்டினான்: பஸ் ஸ்டாண்ட். ஐந்து விரலை விரித்தான். 'நீ வந்து கூப்பிட்டால் திரும்பி வருவாளாம்' என்று கையை வீசி அழைத்துக் காட்டினான். கடைசியில் தன் காதைத் தொட்டான். அதற்கு மேல் சொல்ல மாட்டாமல் கையைக் கீழே போட்டுவிட்டான்.

பாண்டித்துரை செருப்புகூட மாட்டாமல் ஓடினான். ஆம்ப்ளிஃபயரை அணைக்கவில்லை.

"நான் எத்தன தடவ கூப்ட்டாலும் நீங்க திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கிறீக" என்று அவன் முதுகுக்குப் பின்னால் நாகஜோதி தெருவே அதிரச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.