குகையில் மாட்டிய மந்திரக்காரி

மாடிவீட்டுத் தம்பதி பிரிகிறார்களாம். அவள் சாமான்களை ஏற்றிக்கொண்டு வண்டி வாசலில் நின்றது. பங்கு போட மிஞ்சியவை, காதலிக்கும்போது சேர்ந்து வாங்கிய, ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் பழைய விளையாட்டுப் பத்திரிகைகள்தான். நமக்கெதற்கு வம்பு? கதவுதான் திறந்திருந்தது.

“உன் மந்திரக்காரி இன்னும் இந்தக் குகையிலதான் மாட்டிக்கிட்டிருக்கா,” என்று பழுப்பேறிய படத்தைக் காட்டினான் அவன்.

“ஆறு விழுந்தா வந்துடுவா இல்ல? அவளையும் கூட்டிட்டே போயிடறேன்.”

விதவிதமான பகடைகள் கிடந்த டப்பாவைத் துழாவி, ஒன்றை எடுத்து உருட்டினாள். மூன்று. ஒன்று. நான்கு. ஜன்னல் வெயில் பக்கங்களின் மேல் ஊர்ந்தது. குகைக்குள் நீர் சொட்டுவது இருவருக்கும் கேட்டிருக்கும். கீழே அடித்த ஹாரன்தான் கேட்கவில்லை.

“ஆறு விழற வரைக்கும் வண்டிய நிக்கச் சொல்லேன்.”

அவன் இறங்கிப்போய் வண்டியையே அனுப்பிவிட்டு வந்தான். பின்னே? பார்த்துப் பார்த்து அவள் எடுத்த பகடைக்கு இருந்ததே நான்கு முகம். ஆறு எங்கே விழப்போகிறது?