முதல் முழக்கம்

சிலுவைக்கொடி பிடித்து வந்த ஒரு பேரரசரின் படையை எதிர்க்க மூன்று அமீர்கள் கூட்டணி சேர்ந்தார்கள். ஆளுக்கொரு முரசும் கொண்டுவந்தார்கள். யாருடைய முரசு முதலில் முழங்குகிறதோ அவரே அன்றைய தளபதி என்பது அவர்கள் வழக்கம்.

விடிந்ததும் பெரிய முரசு வாக்குவாதத்தை ஆரம்பித்தது. "எங்க அமீருக்குத்தான் குதிரை அதிகம். நான்தான் முதல்ல."

"இந்த மேட்டுல முதல்ல கூடாரம் அடிச்சது நாங்க," என்றது நடு முரசு.

மூன்றாவது முரசு சின்னது. தோலில் ஏற்கெனவே ஒரு கீறல். தூரத்தில் எழுந்த புழுதியை அதுதான் பார்த்தது.

"அண்ணே, குதிரைப்படை வருது! யாராவது முழங்குங்க. ஆளுங்க இன்னும் தூங்குறாங்க."

"உன் முறை மூணாவது. பேசாம இரு," என்றன இரண்டும், அதில் மட்டும் ஒற்றுமையாக.

முழங்கினால் தோல் தாங்காது என்று சின்ன முரசுக்குத் தெரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு முழங்கியது. தோல் குறுக்கே பிளந்தது. வீரர்கள் அலறியடித்து எழுந்து வாளை எடுத்தார்கள். மதியத்துக்குள் பேரரசரின் படை பின்வாங்கியது.

மாலையில், "முதல் முழக்கம் என்னோடது," என்றது பெரிய முரசு. "என்னோடது," என்றது நடு முரசு.

சின்ன முரசு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தனக்குப் புதுத் தோல் போர்த்திக்கொண்டிருந்த வீரனிடம் சொன்னது:

"நல்லா இழுத்துக் கட்டுப்பா. நாளைக்குக் காலையிலயும் இவங்க பேசிக்கிட்டுத்தான் இருப்பாங்க."