உமாதேவியின் கைராசி

"தவளைக்குத் தோட்டம் போட்டிருக்காளாம், தோட்டம்" என்று உமாதேவி மறுபடியும் ஆரம்பித்தாள்.

கணவர் முத்துகிருஷ்ணன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கோவில்பட்டியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறவருக்கு எந்தப் பேச்சுக்குத் தலையாட்ட வேண்டும், எதற்கு ஆட்டக் கூடாது என்று தெரியாதா என்ன?

மாடியில் வாடகைக்குக் குடியிருக்கும் சுகுணாவைப் பற்றித்தான் பேச்சு. அவள் புருஷன் இசக்கிராஜா லாரி ஓட்டுகிறான். வீட்டில் தங்குகிற நாள் கம்மி. துணைக்கு ஒரு கண்ணாடித் தொட்டியில் கட்டைவிரல் தண்டிக்கு நாலு தவளை வளர்க்கிறாள். வளர்த்துவிட்டுப் போகட்டும். ஆனால் வாரம் தவறாமல் அதற்கு ரெண்டு வாளித் தண்ணீர் மாற்றுகிறாளே, அங்கேதான் உமாதேவிக்கு வயிறு எரிந்தது.

குழாயில் தண்ணீர் வருகிற அன்றைக்குத் தெருவே கல்யாண வீடாகிவிடுகிற ஊர். இங்கே தவளைக்கு ரெண்டு வாளி என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

ஒருநாள் விறுவிறுவென்று மாடியேறிவிட்டாள்.

தொட்டிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள். உள்ளே பச்சைப்பசேலென்று நிஜச் செடிகள். வேரைக் கூழாங்கல்லோடு சேர்த்து நூலால் கட்டியிருந்தது. அகலமான இலையொன்றின் மேல் ஒரு தவளை ஹாயாகப் படுத்திருந்தது.

"சும்மா நட்டு வச்சா பிடுங்கிப் போட்டுருதுக்கா. அதான் கட்டி வச்சிருக்கேன்" என்றாள் சுகுணா ஆசையாக. இது ஆயுசு முழுக்கத் தண்ணீருக்குள்ளேயே கிடக்கிற ஜாதி, மூச்சு வாங்க மட்டும் மேலே வரும், ஒளிந்துகொள்ளச் செடி இல்லாவிட்டால் பயந்துபோய்த் தீனி எடுக்காது என்று சொல்லிக்கொண்டே போனாள்.

உமாதேவி மனசை இறுக்கிக்கொண்டாள்.

"இந்தாம்மா, இனிமே கீழ இருந்து தவளைக்குத் தண்ணி தூக்கக் கூடாது. முடியாதுன்னா வேற வீடு பாத்துக்கோ."

சுகுணாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. வேறு வீட்டுக்கு எங்கே போவாள்? போனாலும் தவளைக்காரிக்கு யார் வீடு கொடுப்பார்கள்? "சரிக்கா" என்று மட்டும் சொன்னாள்.

செடி கூடுதலாக இருந்தால் அதுவே அழுக்கை உறிஞ்சிக்கொள்ளும், அடிக்கடி தண்ணீர் மாற்ற வேண்டியிருக்காது என்று வளர்ப்பு மீன் கடைக்காரர் சொன்னாராம். இன்னும் கொஞ்சம் செடி வாங்கிக் கட்டினாள். வற்றுகிற தண்ணீரைத் தன் குடி தண்ணீரிலிருந்து நிரப்பிக்கொண்டாள். வாளி மாடியேறுவது நின்றது. உமாதேவிக்குப் பரம திருப்தி.

இப்போது உமாதேவியின் கறிவேப்பிலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது வாசல் கேட்டை ஒட்டி நிற்கிறது. கோடையில் தெரு முழுக்கக் கரிசல் வெடித்துக் கிடந்தாலும் அதன் மூட்டு மண்ணில் ஒரு கீறல் விழாது. தெருவில் பாதி வீட்டுத் தாளிப்புக்கு அங்கிருந்துதான் இலை. ரகசியம் கேட்பவர்களிடம் உமாதேவி, "புளிச்ச மோர் ஊத்துதேன். மத்தபடி எல்லாம் என் கைராசி" என்பாள். சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பாக இருக்கும். பாராட்டு என்று அவளுக்குக் கிடைப்பது அது ஒன்றுதான். முத்துகிருஷ்ணனா பாராட்டப் போகிறார்?

அப்பேர்ப்பட்ட செடி மஞ்சளாகி இலை கொட்ட ஆரம்பித்தது. மூட்டில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. உமாதேவி வீட்டுத் தயிரையெல்லாம் மோராக்கி ஊற்றினாள். வேப்பம்புண்ணாக்கு வைத்தாள். யார் கண் பட்டதோ என்று மிளகாய் வற்றலைச் சுற்றி அடுப்பில் போட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தவள் மாதிரி வாசலுக்கும் வீட்டுக்கும் நடந்தாள்.

ஒரு கொத்து ஒடித்துப்போக வந்த எதிர்வீட்டுச் செல்வமாரி, செடியைப் பார்த்துத் திகைத்தாள்.

"ஏன்க்கா, மாடி வீட்டுப் பிள்ளை இப்பம் தண்ணி ஊத்துறதில்லையா?"

"எந்தத் தண்ணி?"

"அதான், தவளைத் தொட்டியில மொண்ட பழைய தண்ணி. நீங்க அண்ணாச்சிக்குச் சோறு கொண்டுட்டுக் கடைக்குப் போற நேரம், ரெண்டு வாளியையும் இந்த மூட்டுலதான் ஊத்துவா. நீங்க சொல்லித்தான் செய்யுதான்னு நெனச்சேன்."

உமாதேவிக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. நேரே மாடிக்குப் போனாள்.

அவளைக் கண்டதும் சுகுணா பதறிப்போய், தண்ணீர் எடுக்கவேயில்லை என்று சத்தியம் பண்ணப் போனாள்.

"அது கெடக்கட்டும். கறிவேப்பிலைக்கு ஊத்துற விசயத்த அன்னைக்கே சொல்லியிருந்தா நான் உன்னைய வைதிருப்பேனா?"

சுகுணா தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கைராசின்னு சொல்லும்போது உங்க முகத்தைப் பாத்திருக்கேன்க்கா. அதைக் கெடுக்க மனசு வரல."

அடுத்த முறை குழாயில் தண்ணீர் வந்தபோது முதல் வாளியைத் தூக்கிக்கொண்டு மாடியேறியது உமாதேவிதான். "ஏட்டி சுகுணா, தவளைக்குத் தண்ணி மாத்துட்டி" என்று படியிலேயே குரல் கொடுத்தாள். பழைய தண்ணீரை இருவருமாகக் கீழே கொண்டுவந்து ஊற்றினார்கள்.

செடி மறுபடியும் தழைத்தது. செல்வமாரி கொத்து ஒடிக்க வந்து, வழக்கம்போல, "உங்க கைராசியே தனிதான்க்கா" என்றாள்.

உமாதேவி முகமெல்லாம் சிரிப்பாக மாடியைக் காட்டினாள்.

"அந்தக் கைராசிக்காரி மேல இருக்கா. அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ஒடி."